ஐம்பதுக்குப் பிறகு ஓர் எம்எக்ஸ்-5: சில ஆண்டுகளின் பயன்பாட்டு அனுபவம்

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற, இரண்டே இருக்கைகள் கொண்ட திறந்த விளையாட்டுக் காரின் நான்காம் தலைமுறையில், 1.5 லிட்டர் எஞ்சினும் துணிக் கூரையும் ஆறு கியர் மேனுவலும் கொண்ட ஒன்றைச் சில ஆண்டுகளாகத் தென்மேற்கு இங்கிலாந்தில் ஓட்டி வருகிறேன். பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டபின், பின் இருக்கைக்கு வீட்டில் வேலையில்லாமல் போன நேரத்தில், மூன்று ஆண்டுகள் ஓடியிருந்த இந்தக் காரை இரண்டாம் கையாக வாங்கினேன். அப்போது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு கார் வாங்குகிறவரைப் பார்த்து, இளமையைத் துரத்துகிறார் என்று சிரிக்காத ஊர் இல்லை. ஆனால் இருபத்தைந்து வயதில் இதை வாங்கியிருந்தால் குதிரைத்திறனைக் கூட்டுவதைத் தவிர வேறெதையும் யோசித்திருக்க மாட்டேன். காரை விட என் உடம்பையும் நான் ஓடும் சாலையையும் மனத்தில் வைத்து மாற்றங்கள் செய்யும் நிதானம் இந்த வயதில்தான் வாய்த்திருக்கிறது.

வரலாறு பலருக்கும் தெரிந்ததே என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960களில் லோட்டஸ் எலான் போன்ற பிரிட்டிஷ் இலகுரகத் திறந்த கார்கள் தந்த இன்பத்தை நம்பகமான ஜப்பானியப் பொறியியலில் மீண்டும் தர முடியுமா என்ற எண்ணத்தில் உருவான இந்தக் கார், 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது; 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் ஜப்பானில் தயாரிப்பு வரிசையிலிருந்து வெளிவந்தது. நான்கு தலைமுறைகளிலும் முன்னே எஞ்சின், பின்சக்கர இயக்கம், இரண்டே இருக்கைகள், கையால் திறந்து மூடும் கூரை என்ற அடிப்படை மாறவில்லை. எடையும் ஏறக்குறைய ஒரு டன்னிலேயே நிற்கிறது. பாதுகாப்புச் சாதனங்கள் இத்தனை கூடிய பிறகும் அது பெரிதாக ஏறவில்லை என்பதைத்தான் இந்த வடிவமைப்பின் மிகப் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன்.

2.0 லிட்டர் எஞ்சின் கொண்ட வகையும் உண்டு. 2018இல் மாஸ்டா செய்த மாற்றத்துக்குப் பிறகு அது 184 குதிரைத்திறன் தருகிறது. அதை ஓட்டிப் பார்த்த பிறகே, 132 குதிரைத்திறன் மட்டும் உள்ள 1.5 லிட்டரைத் தேர்ந்தெடுத்தேன். இது முழுத் திறனைத் தருவது எஞ்சின் நிமிடத்துக்கு 7000 முறை சுழலும்போதுதான். அதற்குக் கீழே ஓரளவு சோம்பலாகத்தான் இருக்கும் என்பதால், வேகம் வேண்டுமென்றால் நாம்தான் கியரைத் தேடி, எஞ்சினை மேலே கொண்டுபோக வேண்டும். பிரிட்டனில் நடுவே பிரிப்பு இல்லாத கிராமப்புறச் சாலைகளில் பொது வேக வரம்பு மணிக்கு 60 மைல். இரண்டாம் கியரில் எஞ்சின் சுழற்சியின் உச்ச வரம்பான சிவப்புக் கோடு வரை இழுத்தாலும் இந்தக் கார் சுமார் அந்த வேகத்தைத்தான் எட்டுகிறது. முந்நூறு குதிரைத்திறன் உள்ள காரில் ஒருவர் பாதி மிதிக்கும் முன்பே சட்டத்தைக் கடந்துவிடுவார். எனக்கோ முழு எஞ்சினையும் பயன்படுத்திய நிறைவு கிடைக்கிறது, ஓட்டுநர் உரிமத்திலும் கறை விழுவதில்லை.

வேல்ஸில் லாங்கடாக் கிராமத்திலிருந்து பிரின்அமன் நோக்கிக் கருமலையின் மேல் ஏறி இறங்கும் ஏ4069 சாலையில் இந்தக் காரின் குணம் முழுமையாகத் தெரியும். மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் உயரத்தில் வேலியே கிடையாது. ஆடுகள் தார்ச்சாலையின் கதகதப்புக்காக அதன் ஓரத்திலேயே படுத்திருக்கும். கொண்டையூசி வளைவு நெருங்கும்போது வலது முன்பாதம் பிரேக்கை அழுத்தியிருக்க, அதே காலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு நொடி தட்டி எஞ்சின் சுழற்சியை உயர்த்தி, இடது கால் கிளட்சை விடுவதற்குள் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்க வேண்டும். கியர் கோல் நகரும் தூரம் மிகக் குறைவு. மணிக்கட்டு அசைந்தால் போதும், சரியான இடத்தில் விழுந்துவிட்டது என்பதை உள்ளங்கையே சொல்லிவிடும். பெடல்களின் இடைவெளியும், ஆக்சிலரேட்டர் தரையிலிருந்து எழும் அமைப்பும் இந்தக் கால் வேலைக்கென்றே செய்தவை போலிருக்கின்றன. இதெல்லாம் நடப்பது முப்பது, நாற்பது மைல் வேகத்தில்தான். ஓரத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒரு சிறிய கார் நிதானமாகத் திரும்பிப் போவதாகவே தெரியும்.

இனி உடம்பைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் கார் இதழ்களின் சோதனை ஓட்டங்களில் இந்தப் பகுதி பெரும்பாலும் இருப்பதில்லை. இருக்கை தரைக்கு மிக அருகில் இருக்கிறது. கூரை மூடியிருக்கும்போது காலை முதலில் வைத்து ஏறுவது முழங்காலுக்கு ஆகாது. கதவுக்கு முதுகைக் காட்டி, முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புவதே சரியான முறை. இறங்கும்போது வலது கையைக் கதவுச் சட்டத்தின் அடிவிளிம்பில் ஊன்றிக்கொள்ள வேண்டும். நெருக்கமான வாகன நிறுத்தத்தில், பக்கத்துக் கார் ஒட்டி நின்றால், இந்த உத்திகள் எதுவும் பலிக்காது. அதனால் நான் எப்போதும் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டு நடந்து போகிறேன், மருத்துவர் சொன்ன நடையும் அதில் கழிந்துவிடுகிறது.

ஓட்டும் நிலை அமைந்துவிட்டால் சிரமம் இல்லை. ஸ்டியரிங்கை முன்பின் நகர்த்தும் வசதி 2018 மாற்றத்தில்தான் வந்தது என்பதால், நடுத்தர உயரம் கொண்ட என்னைப் போன்றவர்கள் அதற்குப் பிந்தைய காரையே தேட வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. முன்பலகையில் நடுவில் இருக்கும் பெரிய சுழற்சிமானி வெள்ளெழுத்துக் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதன் பக்கத்துச் சிறு திரையின் எழுத்துகளைப் படிக்க என் பல்குவிய மூக்குக்கண்ணாடிக்கு நான் சற்றே தாடையைத் தூக்க வேண்டியிருக்கிறது. நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் துணிக் கூரை மூடியிருந்தாலும் காற்றின் இரைச்சல் பேச்சை முழுங்கிவிடும், கூரையைத் திறந்தால் கேட்கவே வேண்டாம். நீண்ட பயணங்களில் மோட்டார்சைக்கிள் ஓட்டுநர்கள் அணியும் வடிகட்டும் காதடைப்பான்களை நானும் என் மனைவியும் அணிந்துகொள்கிறோம். அவள் இதைத் திருமண வாழ்வின் சிறந்த கண்டுபிடிப்பு என்கிறாள்.

குளிரை விட வெயிலுக்குத்தான் கவனம் தேவை. டிசம்பரில் கூரையைத் திறந்துவிட்டு, பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைக் காலுக்கும் இருக்கைச் சூட்டை முதுகுக்கும் வைத்துக்கொண்டு ஓட்டுவது சுகம். ஜூலை நண்பகலிலோ தலையின் வழுக்கை எரிந்து தோல் உரியும். கோயம்புத்தூரிலிருந்து வீடியோ அழைப்பில் காரைப் பார்த்த அம்மா, "ஏங்கண்ணு, நித்தம் மழை பேயற ஊர்ல போய் மேல துணி போட்ட காரையா வாங்குவாங்க?" என்று கேட்டார். தூறலில் வேகம் குறையாமல் போனால் நீர்த்துளிகள் முன்கண்ணாடியின் மேலாகத் தாண்டிப் போய்விடும், உள்ளே நனையாது என்று சொன்னதை அவர் நம்பவில்லை. சிக்னலில் நின்றால் நனையத்தான் வேண்டும், ஆனால் உட்கார்ந்தபடியே ஒரு கையால் கூரையை இழுத்து மூடச் சில நொடிகள் போதும்.

மாற்றங்களுக்கு வருகிறேன். எனக்கு மிக அதிகப் பயனைத் தந்ததும் மிகக் குறைந்த செலவானதும் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வதுதான். பலரும் கடைக்காரர் கணினியில் எல்லா எண்களும் பச்சையில் இருந்தால் வேலை முடிந்தது என்று திருப்தியடைகிறார்கள். ஆனால் தொழிற்சாலை அனுமதிக்கும் வரம்பு மிக அகலமானது. அதன் ஒரு முனையில் இருக்கும் காரும் மறுமுனையில் இருக்கும் காரும் சாலையில் இரு வேறு கார்கள். நான் விளையாட்டுக் கார்களில் பழக்கமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு ஈடான மணல் மூட்டைகளை வைத்த பிறகே அளக்கத் தொடங்கினார், ஏனென்றால் ஒரு டன் எடையுள்ள காரில் எண்பது கிலோ மனிதர் ஒரு பக்கம் உட்கார்ந்தாலே கோணங்கள் மாறிவிடும். முன்சக்கரங்களின் மேல்பகுதியைச் சற்று உள்நோக்கிச் சாய்த்து, அதாவது எதிர்மறை கேம்பரைச் சுமார் 1.2 பாகைக்குக் கொண்டுவந்து, ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வான காஸ்டரைக் கூட்டி, பின்சக்கரங்களுக்கு மிகச் சிறிய உள்முகத் திருப்பம் கொடுத்தார். அதற்கு முன்பு ஸ்டியரிங்கின் நடுப்பகுதியில் இருந்த தெளிவின்மை போய்விட்டது. வளைவில் கை எவ்வளவு பாரத்தை உணர்கிறதோ அவ்வளவு பிடிமானம் டயரில் மிச்சமிருக்கிறது என்று நம்பி ஓட்ட முடிகிறது.

இரண்டாவது மாற்றம் சஸ்பென்ஷனில். 1.5 லிட்டர் கார் வளைவுகளில் நன்றாகவே சாய்கிறது. சாய்வு தனக்குள் ஒரு தகவலைக் கொண்டது என்பதால் அதை முழுதாக ஒழிக்க நான் விரும்பவில்லை. நண்பர் ஒருவர் காயில்-ஓவர் என்னும் உயரம் மாற்றத்தக்க ஸ்பிரிங் தொகுதியைப் போட்டுத் தம் காரைத் தரையோடு தாழ்த்தியிருக்கிறார். அதில் ஒரு மணிநேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கியபோது என் இடுப்பு சொன்ன தீர்ப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது. உயரத்தையும் ஸ்பிரிங்கையும் தொடாமல், 2.0 லிட்டர் ஸ்போர்ட் வகையிலிருந்து ஒருவர் கழற்றி விற்ற, துள்ளலை அடக்கும் பில்ஸ்டீன் நிறுவன டேம்பர்களையும், சாய்வைக் குறைக்கும் ஓரளவு தடித்த ஆன்டி-ரோல் பார்களையும் மட்டும் போட்டேன். கார் இன்னும் சாய்கிறது, ஆனால் சாய்ந்த இடத்தில் நிற்கிறது. மேடுபள்ளத்தைக் கடந்தபின் இரண்டாம் முறை துள்ளுவதில்லை. டயர் அளவை 195/50 ஆர்16, அதாவது 16 அங்குலச் சக்கரத்துக்கானது என்றே வைத்திருக்கிறேன். 17 அங்குலச் சக்கரம் பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் வேல்ஸின் குழிகளில் தடித்த டயர்ச் சுவரே முதுகெலும்புக்கு நண்பன், விலையும் குறைவு.

இருக்கையில் இடுப்புத் தாங்கலைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லை. அதற்கு உறையின் பின்புறத்தைத் தளர்த்தி, உள்ளே ஒரு மெல்லிய நுரைத் திண்டைச் செருகினேன். பக்கக் காற்றுப்பை இருக்கையின் தோள் பகுதியிலேயே இருப்பதால் மேலுறை எதையும் போர்த்தக் கூடாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இந்தச் சிறு திண்டு தந்த சுகத்தை வேறெந்த உதிரிபாகமும் தரவில்லை.

சைலன்சரை மாற்றவில்லை. பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு வாகன விதிகளின்படி, சத்தம் கூடும்படி எக்ஸாஸ்ட் அமைப்பை மாற்றுவது குற்றம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறவனுக்கு அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் அதை விடப் பெரியது. செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றையும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்; மறைத்தால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். ஒரு நிறுவனம் ஆன்டி-ரோல் பார் என்றதுமே புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. மாற்றியமைத்த கார்களுக்கென்றே இருக்கும் தரகர் வழியாகப் போனபோதோ, என் வயதும் விபத்தில்லா ஆண்டுகளும் கைகொடுத்ததால் தொகை குடும்பக் காரை விடக் குறைவாகவே வந்தது. நரைத்த தலைக்குக் கிடைக்கும் தள்ளுபடிகளில் இதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

அன்றாட வாழ்வுக்கு இது ஒரே காராக இருக்க முடியுமா என்றால், இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் கூட முடியாது என்பேன். டிக்கி 130 லிட்டர்தான். இருபது கிலோ பொன்னி அரிசி மூட்டையும் இரண்டு பை காய்கறியும் ஏற்றினால் நிறைந்துவிடும். மாற்றுச் சக்கரம் கிடையாது, துளையடைக்கும் திரவமும் காற்றுப் பம்பும் மட்டுமே உண்டு. கையுறைப் பெட்டி இல்லை. இருக்கைகளுக்கு இடையே பின்னால் ஒரு சிறு பெட்டி உண்டு, அதை எடுக்க உடம்பை முறுக்க வேண்டும். இரண்டு இரவுத் தங்கலுக்கு மென்துணிப் பைகளே ஏற்றவை, பெரிய சக்கரப் பெட்டி உள்ளே நுழையாது. எரிபொருள் விஷயத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. மலைச்சாலையில் விரட்டினாலும் கேலனுக்கு நாற்பது மைலுக்குக் கீழே எனக்கு அரிதாகவே இறங்கியிருக்கிறது.

இரண்டாம் கையாக வாங்க நினைப்பவர்கள் சில இடங்களைக் குனிந்து பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டப்படும் உப்பு அலைன்மென்ட் போல்ட்டுகளைத் துருவால் பூட்டிவிடும்; பூட்டிக்கொண்டால் நான் மேலே சொன்ன முதல் மாற்றமே நடக்காது, போல்ட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் ஆண்டுதோறும் அக்டோபரில் அடிப்பகுதியைக் கழுவி உலர்த்தி, ஆட்டு உரோமக் கொழுப்பான லானோலின் பூச்சு அடித்துவிடுகிறேன். ஒரு வாரம் கார் கொட்டில் முழுக்க ஆட்டு மந்தை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளலாம். கூரைத் துணி மடியும் ஓரங்களில் நூல் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருக்கைகளுக்குப் பின்னால், கூரையின் அடியில், மழைநீர் வடியும் துளைகள் இரண்டு உண்டு. மரத்தடியில் நிறுத்தப்பட்ட காரில் அவை இலைத்தூளால் அடைபட்டு, நீர் உள்ளே தேங்கிக் கம்பளத்தை நனைத்திருக்கும். ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றி, காரின் அடியில் இருபுறமும் அது ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.