லாங் ரோட் ஹோமா, ஜெனரேஷன் கில்லா?

இராக் போர்த் தொடர்களில் இந்த இரண்டில் எதைப் பார்ப்பது? என் ஓட்டு 'ஜெனரேஷன் கில்'லுக்குத்தான்.

'தி லாங் ரோட் ஹோம்' (நேஷனல் ஜியோகிராஃபிக், 2017, 8 பகுதிகள்) ஒரே நாளைச் சுற்றியே நிற்கிறது: 2004 ஏப்ரல் 4. பாக்தாத்தின் சதர் சிட்டியில் ரோந்து போன அமெரிக்க வீரர்களை ஷியா மதகுரு முக்ததா அல் சதரின் ஆயுதக் குழுவான மஹ்தி படை மறைந்திருந்து தாக்குகிறது. அவர்கள் ஒரு சந்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். மீட்கப் போன லாரிகள் சிலவற்றுக்குக் கவசமே கிடையாது, திறந்த வண்டிகள்! அன்று 8 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 60-க்கும் மேல். குண்டுச் சத்தத்துக்கு நடுவே கதை அடிக்கடி டெக்சாஸில் காத்திருக்கும் குடும்பங்களிடம் தாவுகிறது. அழவைக்கிறது, சரி, ஆனால் சில இடங்களில் கொஞ்சம் ஓவர்.

எச்.பி.ஓ.வின் 'ஜெனரேஷன் கில்' (2008, 7 பகுதிகள்) ஆக்கிரமிப்புக்கு முந்தைய கட்டம், 2003 படையெடுப்பு. பின்னணி இசை இல்லை. மரீன்கள் (அமெரிக்க ஈரூடகப் படை வீரர்கள்) வண்டிக்குள் பாடுவதுதான் பாட்டு. மேலதிகாரிகளைக் கிண்டலடித்தே பொழுது போகிறது. ரூடி ரெயெஸ் என்ற நிஜ மரீன் வீரர் தன் பாத்திரத்தில் தானே நடித்திருக்கிறார். முதல் பகுதியில் யார் யாரென்று குழம்பும், பொறுமை வேண்டும்.

தெருச்சண்டையின் திகில்தான் வேண்டுமென்றால் 'தி லாங் ரோட் ஹோம்' போடுங்கள்.