என்-ரோட்ஸ்: வகுப்பறையில் ஒரு காலநிலை உச்சி மாநாடு

காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் மாணவர்கள் எங்கள் கல்லூரியில் ஏராளமாக உண்டு. ஒன்றோடொன்று மோதும் நலன்களை உடையவர்களை ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு முடிவை எட்டச் செய்யத் தெரிந்தவர்கள் அரிது. இக்குறையைப் போக்கலாம் என்று எண்ணி, நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் என்ற முறையில், சென்ற ஆண்டு 12 மாணவர்களைத் தனியார் அமைப்பு ஒன்று நடத்திய இருநாள் தலைமைப் பண்புப் பயிலரங்குக்குக் கட்டணம் செலுத்தி அனுப்பிவைத்தேன். அவர்கள் ஆளுக்கொரு சான்றிதழ், ஒரு துணிப்பை, ஒரு வேப்பங்கன்று ஆகியவற்றோடு திரும்பினார்கள். கன்றுகள் நன்றாக வளர்கின்றன. இவ்வாண்டு, செலவில்லாத ஒரு கணினிக் கருவியையும் அதனோடு சேர்ந்த, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் விளையாட்டையும் கொண்டு நாங்களே ஓர் அமர்வை நடத்தினோம். அக்கருவியின் பெயர் என்-ரோட்ஸ்.

அமெரிக்காவின் கிளைமேட் இன்டராக்டிவ் என்னும் அமைப்பு, எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியோடும் வென்டானா சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் கணினி மாதிரி, 2019ஆம் ஆண்டின் இறுதியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இணைய உலாவியிலேயே திறந்துகொள்ளலாம். திரையில் உலகின் எரிசக்தி மூலங்களைக் காட்டும் ஒரு வரைபடமும் பசுமைக்குடில் வாயு உமிழ்வைக் காட்டும் மற்றொரு வரைபடமும் இருக்க, வலப்பக்கத்தில் 2100ஆம் ஆண்டுக்குள் புவி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட எத்தனை டிகிரி சூடேறும் என்ற எண் பெரிதாகத் தெரியும். எதையும் தொடாத நிலையில் நாங்கள் பார்த்த எண் 3.3 டிகிரி செல்சியஸ். பாரிஸ் ஒப்பந்தத்தின் இலக்கோ 2 டிகிரிக்கு நன்கு கீழே, இயன்றால் 1.5. நிலக்கரி, எண்ணெய், அணுசக்தி, கார்பன் விலை (கரியமில வாயு உமிழ்வுக்கு விதிக்கும் கட்டணம்), கட்டடங்களின் எரிசக்திச் சிக்கனம், காடழிப்பு, மீத்தேன் என்று கீழே வரிசையாக இருக்கும் ஸ்லைடர்களை நகர்த்தினால், அந்த எண் கண்முன்னே மாறும்.

விளையாட்டின் விதிகள் எளியவை. நடத்துபவர் ஐ.நா. பொதுச்செயலாளராகிறார், மற்றவர்கள் உலக அரசுகள், நிலக்கரியையும் எண்ணெயையும் சார்ந்த மரபு எரிசக்தித் துறை, தூய தொழில்நுட்பத் துறை, தொழில் வணிகத் துறை, நிலம்-வேளாண்மை-காடு சார்ந்தோர், காலநிலை நீதி கோருவோர் என்று ஆறு அணிகளாகப் பிரிகிறார்கள். ஒவ்வோர் அணியும் தனக்குள் ஆலோசித்து, மற்ற அணிகளோடு பேரம் பேசி, மேடைக்கு வந்து ஒரு கோரிக்கையை வைக்க வேண்டும். கோரிக்கை ஸ்லைடரில் ஏற்றப்படும் முன் வெப்பநிலை எவ்வளவு குறையும் என்று அவையைக் கணிக்கச் சொல்வது நடத்துநரின் வேலை. அமர்வின் உயிரே இந்தக் கணிப்பில்தான் இருக்கிறது என்பதை இரண்டாம் சுற்றில்தான் நான் புரிந்துகொண்டேன்.

எதிர்பார்த்தபடியே முதலில் வந்தது மரம். நிலம்-வேளாண்மை அணியின் தலைவர் உணர்ச்சி பொங்கப் பேசி, உலகெங்கும் காடு வளர்க்கும் ஸ்லைடரை இறுதிவரை தள்ளச் சொன்னார். அரை டிகிரியாவது குறையும் என்று அவை கணித்தது. தசமப் புள்ளிக்குப் பின் உள்ள இலக்கம் மட்டும் சிறிது அசைந்தது. மரங்கள் வளரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும், அவற்றுக்கான நிலமும் வரம்புடையது என்ற விளக்கத்தை அதன் பிறகு நான் சொன்னபோது அறை கவனித்துக் கேட்டது. அடுத்து நிலக்கரிக்கு வரி. நிலக்கரி சுருங்கியதும் கைதட்டல் எழுந்தது. ஆனால் விட்ட இடத்தின் ஒரு பகுதியை இயற்கை எரிவாயு பிடித்துக்கொண்டதை முதலில் கவனித்தவர், அதற்காகவே காத்திருந்த மரபு எரிசக்தி அணியின் மாணவர். அணுசக்திக்கு மானியம் கொடுத்தபோது அது சூரிய, காற்று மின்சாரத்தின் பங்கிலும் கைவைத்தது. கார்பன் விலைதான் ஒரே நகர்த்தலில் எண்ணை நன்றாகக் கீழே இறக்கியது, அதற்கும் ஆறு அணிகளில் இரண்டு மட்டுமே இசைந்தன.

தான் போற்றிய தீர்வு அவையின் நடுவில் சிறுத்துப்போவதைக் கண்ட ஒருவர், அதன் பிறகும் எழுந்து நின்று அடுத்த யோசனையைச் சொல்லக் கற்றுக்கொள்வதை நான் வேறு எந்தப் பயிற்சியிலும் பார்த்ததில்லை. மரத்துக்காக வாதாடிய மாணவர் மூன்றாம் சுற்றில் மீத்தேன் ஸ்லைடரைக் கேட்டு வாங்கி, அவ்வாயுவை வெளியிடும் கால்நடைகளை வளர்ப்போரின் நலனுக்காகத் தொழில் அணியிடம் நிதி கேட்டுப் பேரம் பேசினார்.

நேரத் தாமதத்தை உணரவைப்பதிலும் கருவி சிறந்து நிற்கிறது. உமிழ்வு குறையத் தொடங்கியும் வெப்பம் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து, கருவியில் பிழை என்றார்கள் சிலர். மழை தணிந்த பின்னும் கால்வாயில் வரும் நீர் மதகில் வெளியேறும் நீரைவிட அதிகமாக இருக்கும்வரை ஏரியின் மட்டம் ஏறத்தான் செய்யும் என்று சொன்னதும் டெல்டாப் பக்கத்து மாணவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. நாம் உமிழும் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதியைக் கடலும் நிலமும் உறிஞ்சிக்கொள்ள, மிச்சம் வளிமண்டலத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. என்-ரோட்ஸை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஜான் ஸ்டெர்மன், எம்ஐடியின் மேற்பட்டப் படிப்பு மாணவர்களிலும் பெரும்பாலோர் இக்கணக்கில் தவறுவதை ஆய்வில் காட்டியவர். ஆகவே எங்கள் மாணவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குறைகளுக்கு வருகிறேன். இது உலகம் முழுவதையும் ஒற்றைத் தொகுதியாகக் கணக்கிடும் மாதிரி. 2070க்குள் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்கும் இந்தியாவின் இலக்குக்கோ ஒரு மாநிலத்தின் மின்கொள்கைக்கோ தனி ஸ்லைடர் கிடையாது. நாடுகளுக்கிடையிலான பேரம்தான் வேண்டுமென்றால் அதே அமைப்பின் சி-ரோட்ஸ் கருவியை நாட வேண்டும். திரையில் வரும் அந்த ஒற்றை எண்ணை மாணவர்கள் சோதிடம்போல் நம்பிவிடுவதும் உண்டு. அதன் அனுமானங்களை மாற்றிப் பார்க்க வழி இருக்கிறது என்பதை நடத்துநர் முயன்று காட்டினால்தான் தெரிகிறது. கலைச்சொற்களுக்காக நான் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்றைத் தயாரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றினும் பெரிய குறை, ஸ்லைடர் மிக இலகுவாக நகர்கிறது என்பது. அமர்வு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, காலநிலை நீதி அணியில் இருந்த மாணவி ஒருவர் அருகில் வந்தார். அவருடைய தந்தை நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. “நிலக்கரியை நிறுத்தலாம்னு நானும்தான் சார் கை தூக்கினேன். வீட்டுல போய் இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றார். கருவியின் விளக்கப் பகுதிகளில் வேலையிழப்பு, சமநீதி ஆகியவை குறித்த குறிப்புகள் உள்ளன, படித்துக் காட்டலாம். ஆனால் அந்த வீட்டுப் பேச்சை ஒத்திகை பார்க்க விளையாட்டில் இடமில்லை.

கல்லூரி ஆசிரியர்களுக்கும் தன்னார்வ அமைப்பினருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்று மணி நேரமும் ஒரு புரொஜெக்டரும் தடைபடாத இணைய இணைப்பும் போதும்; நடத்துநருக்கான பயிற்சியும் இலவசமாகவே கிடைக்கிறது. 40 பேருக்கு மேல் சேர்த்தால் பின்வரிசை கைப்பேசியில் மூழ்கிவிடும். எங்கள் அடுத்த அமர்வில் பேரச் சுற்றுகளில் ஒன்றைக் குறைத்து, கடைசி 40 நிமிடத்தைப் பழுப்பு நிலக்கரியை நம்பி வாழும் ஓர் ஊரின் கிராம சபைக் கூட்டமாக நடத்தவிருக்கிறோம். அதற்குத் தலைமை ஏற்க அந்த மாணவியையே கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.