கடலூர் லாரன்ஸ் சாலைப் பக்கம் ஒரு போர்டு சர்வீஸ் கடை: காணாமல் போன கெபாசிட்டர் திரும்ப வந்தது

மஞ்சக்குப்பத்தில் ஸ்டிக்கர் கட்டிங் கடை வைத்திருக்கிறேன். கடைக் கண்ணாடி எழுத்து, பைக் ஸ்டிக்கர், கல்யாணக் காரில் ஒட்டும் பெயர் எல்லாம், கம்ப்யூட்டர் அனுப்பும் வடிவத்தைக் கத்தியால் வெட்டும் ஒரு பழைய பிளாட்டரில்தான் வெட்டுகிறேன். இப்போதைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இல்லாத சீரியல் போர்ட்டில் மாட்டும் மெஷின் அது. அதற்காகவே ஒரு பென்டியம் 4 கம்ப்யூட்டரைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். போன மாதம் பிராசசர் ஃபேன் சத்தம் போட்டதால் ஓரிடத்தில் கொடுத்தேன். ஃபேன் மாறி வந்தது. ஆனால் அன்றிலிருந்து பாதி எழுத்து வெட்டும்போதே ரீஸ்டார்ட் ஆகும். வினைல் ரோலில் ஒரு மீட்டர் வீண். போய்க் கேட்டால், "மதர்போர்டு போயிடுச்சு, புது சிஸ்டம் வாங்கிக்குங்க" என்றார்கள்.

மனசு கேட்காமல் திருப்பாதிரிப்புலியூருக்குத் தூக்கிப் போனேன். லாரன்ஸ் சாலையை ஒட்டிய சந்தில், டிவி, யுபிஎஸ் போர்டு பார்க்கும் சின்னக் கடை. அந்த அண்ணன் எடுத்ததும் பிளக்கைச் சொருகவில்லை. பிரஷ்ஷால் தூசி தட்டி, டார்ச் அடித்து ஐந்து நிமிஷம் போர்டையே பார்த்தார். "தம்பி, இங்க ஒரு கெபாசிட்டரே இல்லையே, பார்த்தீங்களா?"

கெபாசிட்டர் என்பது மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைத்துத் தரும் சின்ன உருளை. பிராசசர் பக்கத்தில் ஆறு நிற்க வேண்டிய வரிசையில் ஐந்துதான் நின்றன. சற்றுத் தள்ளி இன்னொரு காலி வட்டமும் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். அது கம்பெனியே போடாமல் விட்ட இடமாம். அங்கே துளை இரண்டும் வழவழவென்று ஈயத்தால் மூடியிருந்தன. இங்கேயோ ஒடிந்த கால் இரண்டு முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. ஃபேன் கிளிப்பை நெம்பும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி இடித்திருக்கும் என்றார். பிராசசர் மின்சாரம் இழுப்பது நொடிக்குள் ஏறி இறங்கும், அதை இந்த வரிசைதான் தாங்குகிறது. ஒன்று குறைந்தாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகும், வேலை கொடுத்தால் விழுந்துவிடும்.

இல்லாத பொருளின் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? மல்டிமீட்டரை வைத்து, காலி இடத்தின் இரண்டு துளையும் பக்கத்துக் கெபாசிட்டரின் கால்களோடு நேராகச் சேர்வதை பீப் சத்தத்தோடு காட்டினார். அப்படியானால் அதே அளவுதான்: 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட், 105 டிகிரி. கடையில் அதே எண் போட்ட சாதாரண ரகம் இருந்தும் போட மறுத்துவிட்டார். இந்த இடத்துக்கு உள்ளே மின்தடை குறைவாக இருக்கும் 'லோ இ.எஸ்.ஆர்.' ரகம்தான் வேண்டும், மற்றது சூடாகி உப்பிவிடும் என்று சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தார். எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

மாற்றும்போது கூடவே இருந்தேன். ஒரு கால் உடனே வந்துவிட்டது. மைனஸ் கால் அசையவில்லை; போர்டுக்குள் இருக்கும் செப்புத் தகடு சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. அதன்மேல் புது ஈயமும், ஈயம் நன்றாக உருகி ஓட உதவும் பிளக்ஸ் பசையும் வைத்து, பொறுமையாக உருக்கித்தான் எடுத்தார். குத்திக் கிளறவே இல்லை. போர்டில் பாதி வட்டம் வெள்ளையாக அச்சாகியிருந்தால் பெரும்பாலும் அது மைனஸ் பக்கம். ஆனால் சில போர்டில் தலைகீழாகவும் இருக்குமாம், அதனால் மீட்டரில் பார்த்த பிறகே கெபாசிட்டரில் கோடு போட்ட மைனஸ் பக்கத்தைச் சரியான துளையில் வைத்தார். மாற்றி வைத்தால் வெடிக்கும். பக்கத்தில் தலை லேசாக உப்பியிருந்த இன்னொன்றையும் என்னைக் கேட்டுவிட்டு மாற்றினார்.

இரண்டு கெபாசிட்டர், கூலி எல்லாம் சேர்த்து 400 ரூபாய். மூன்று வாரமாக ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை. நேற்று ஒரே மூச்சில் நாலு மீட்டர் வெட்டினேன்.

குறை என்றால், சொன்ன நாளைவிட இரண்டு நாள் தாமதம். போன் எடுப்பதில்லை. ரசீது கேட்டால்தான் எழுதித் தருகிறார். மதியம் 2 மணியிலிருந்து 4:30 வரை கடை மூடியிருக்கும். வண்டி நிறுத்த இடமில்லை, ஆனாலும் போர்டை மட்டும் கழற்றி எடுத்துப் போகாதீர்கள். கேபினட்டோடு கொண்டுபோனால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் அளந்து பார்த்துத் தருவார்.