டெய்ல்மானின் 'டாய்ச்லாந்து' கப்பலில் மூன்று பயணங்கள்

'டாய்ச்லாந்து' (ஜெர்மனி என்று அர்த்தம்), ஜெர்மன் கப்பல் முதலாளி பீட்டர் டெய்ல்மானின் சொகுசுக் கப்பல். இதில் நான் முதலில் ஏறியது 2002-ல். வெளியே பார்த்தால் கப்பல், உள்ளே போனால் 1920-களின் பெர்லின் ஹோட்டல். பித்தளைக் கைப்பிடி, வண்ணக் கண்ணாடி, கைசர்சால் என்ற பெரிய கூடத்தில் சரவிளக்கு. சுமார் 520 பயணிகள்தான் என்பதால் நாலாம் நாளே எல்லா முகமும் பழகிவிட்டது. 'ஆல்ட்டர் ஃப்ரிட்ஸ்' பீர்க்கடையில் உட்கார்ந்தால் பேச்சு 'ட்ரௌம்ஷிஃப்' (கனவுக் கப்பல்) என்ற ஜெர்மன் டிவி தொடருக்குத்தான் போகும். டிவியில் வந்த கனவுக் கப்பல் இதுவேதான். இதற்கு முன் அந்தத் தொடரில் வந்த 'பெர்லின்' கப்பலும் பீட்டர் டெய்ல்மானுடையது. 2000 ஜூலையில் பாரிஸில் விழுந்த கான்கார்ட் விமானத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நியூயார்க்கில் இந்தக் கப்பலைப் பிடிக்கக் கிளம்பியவர்கள். அந்தப் பேச்சு வந்தால் மட்டும் மேசையில் குரல் தாழ்ந்துவிடும்.

இரண்டாவது பயணம் 2011-ல். சாப்பாடு, உபசரிப்பு இரண்டிலும் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் கம்பெனி அதற்குள் நிறையப் பட்டிருந்தது. 2003-ல் டெய்ல்மான் இறந்து, பொறுப்பு மகள்களிடம் வந்தது. 2009-ல் ஆற்றுக் கப்பல் பிரிவு திவால். அப்புறம் ஆரேலியுஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. 2010 மே மாதம் நார்வேயின் ஐட்ஃபியோர்டில் எஞ்சின் அறையில் தீ.

என்னைக் கேட்டால், சறுக்கலுக்குக் காரணம் இந்தக் கப்பலின் பழைய பாணி அழகேதான். பெரும்பாலான அறைகளில் பால்கனி கிடையாது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மாலையில் டெக்கில்தானே இருப்போம்! ஆனால் 2,000 பேருக்கு மேல் ஏற்றும் போட்டி நிறுவனமான ஐடாவின் கப்பல்கள் பால்கனியோடு வந்தபின் புதுத் தலைமுறை அந்தப் பக்கம் போய்விட்டது. கடலில் கம்பெனிக்கு மிஞ்சியதோ ஒரே கப்பல். அது பழுதுபார்க்கப் போனால் கல்லாவும் மூடிக்கிடக்கும். 2012-ல் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டினார்கள். அதே வருடம் செலவைக் குறைக்க, கப்பலை மால்டா நாட்டில் பதிவு செய்து அந்தக் கொடிக்கு மாற நினைத்தார்கள். 'டாய்ச்லாந்து' என்று பெயர் வைத்துவிட்டு வேறு நாட்டுக் கொடியா என்று ஜெர்மனியில் ஒரே கூச்சல், திட்டத்தைக் கைவிட்டார்கள். லண்டன் ஒலிம்பிக் முடிந்து ஜெர்மன் வீரர்கள் ஹாம்பர்க் திரும்பியதும் இதில்தான். இரண்டே வருடம், 2014-ல் திவால்.

மூன்றாவது முறை, 2017 கோடையில், ஃபீனிக்ஸ் ரைசன் என்ற ஜெர்மன் பயண நிறுவனம் வாடகைக்கு எடுத்து ஓட்டியபோது போனேன். அதே பித்தளை, அதே பீர்க்கடை. கோடை முடிந்தால் 'வேர்ல்ட் ஒடிஸி' என்று பெயர் மாறி அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுமாம். கைசர்சாலில் அவர்களுக்கு வகுப்பு.