பிக் பிளைண்டில் பலமான டிரா: செக்-காலா, செக்-ரெய்ஸா?

நோ-லிமிட் ஹோல்டமில் (பெட் தொகைக்கு வரம்பில்லாத போக்கர் ஆட்டம்) நீங்கள் பிக் பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே முழுக் கட்டாயப் பந்தயம் வைத்தவர்; கீழே வரும் தொகைகள் எல்லாம் அந்தப் பந்தயத்தின் மடங்குகள். பட்டனில் இருப்பவர் (ஃபிளாப்பிலிருந்து கடைசியாகப் பேசுபவர்) இரண்டரை பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறார் (பந்தயத்தை உயர்த்துகிறார்), ஸ்மால் பிளைண்ட் (பாதிக் கட்டாயப் பந்தயம் வைத்தவர்) விலகிவிடுகிறார், நீங்கள் கால் செய்கிறீர்கள் (அதே தொகைக்கு ஈடுகட்டுகிறீர்கள்). பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 5.5 பிளைண்ட். ஆரம்பத்தில் இருவரிடமும் 100 பிளைண்ட் இருந்தது. ஃபிளாப்பில் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளில்) ஆட்டின் ஒன்பது, கிளாவர் எட்டு, ஆட்டின் இரண்டு.

உங்கள் கையில் ஆட்டின் ஜாக்கியும் பத்தும் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) உதவுவது 9 சீட்டு. ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) ராணி, ஏழு என 8 சீட்டு. இரண்டு கணக்கிலும் வரும் 2 சீட்டைக் கழித்தால் 15. டர்ன், ரிவர் (நாலாவது, ஐந்தாவது பொதுச் சீட்டு) இரண்டும் சேர்ந்து இவற்றில் ஒன்று விழ 54 சதவீத வாய்ப்பு. எதிராளியிடம் இரண்டு கறுப்பு ஏஸ் இருந்தாலும் லேசாக நீங்கள்தான் முன்னால் இருக்கிறீர்கள். அதே ஃபிளாப்பில் உங்களிடம் ஆட்டின் ஏஸும் நாலும் இருந்தால்? ஃபிளஷுக்கு 9 சீட்டு, 35 சதவீதம். இரண்டையும் 'பலமான டிரா' (இன்னும் அமையாத, ஆனால் அமைய நல்ல வாய்ப்புள்ள கை) என்று ஒரே பெயரில்தான் அழைக்கிறோம். ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி ஆடுவதுதான் பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து.

முதலில், நாமே பெட் வைத்து ஆரம்பிக்கும் வழி. இந்த ஃபிளாப்பில் அதற்கு அதிகம் இடமில்லை. பெரிய ஜோடிகள் எல்லாம் பட்டன் பக்கம்தான் அதிகம். நாம் செக் செய்தால் (பெட் வைக்காமல் விட்டால்) அவரே பெட் வைக்க வாய்ப்பிருக்கும்போது அந்தப் பணத்தை ஏன் விட வேண்டும்? ஆறு, ஐந்து, நாலு மாதிரி தாழ்ந்த சீட்டுகள் அடுத்தடுத்து விழுந்தாலோ, எதிராளி எதற்கும் செக் செய்துவிடுகிறவர் என்றாலோ பெட் வைக்கலாம். மற்றபடி செக்தான்.

சரி, செக் செய்தாயிற்று, அவர் 2 பிளைண்ட் பெட் வைக்கிறார். கால் செய்ய 21 சதவீத வாய்ப்பு இருந்தாலே போதும் என்பதால் இந்த இரண்டு டிராவும் இங்கே கால் செய்யும். சிக்கல் அடுத்த சீட்டில்தான். பாட் 9.5 ஆகிவிட்டது, டர்னில் அவர் மூன்றில் இரண்டு பங்கு பெட் வைத்தால் 28 சதவீதத்துக்கு மேல் தேவை. ஜாக்கி-பத்துக்கு டர்னிலும் 15 சீட்டு, கிட்டத்தட்ட 33 சதவீதம்; தாங்கும். ஏஸ்-நாலின் ஃபிளஷுக்கு 20-ஐக்கூட எட்டாது. மீதியை ஃபிளஷ் அடித்த பிறகு எதிராளியிடமிருந்து வசூலித்தாக வேண்டும். முதலில் பேச வேண்டியவருக்கு அந்த வசூல்தான் கஷ்டம். மூன்றாவது ஆட்டின் விழுந்ததும் நாம் செக் செய்தால் அவரும் செக் செய்துவிடுவார். நாம் பெட் வைத்தால் ஃபோல்டு, அதாவது விலகிவிடுவார். டிரா அடிக்காததால் போகும் பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புகிறோம். அடித்தும் கைக்கு வராமல் போகும் பணம் யார் கண்ணிலும் படுவதில்லை.

செக்-ரெய்ஸ், அதாவது செக் செய்து, அவர் பெட் வைத்ததும் அதை உயர்த்துவது, இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அவருடைய 2-ஐ 8 ஆக்குகிறீர்கள் என்று வையுங்கள். வெறும் பிளஃப் (கையில் ஒன்றுமில்லாத மிரட்டல்) என்றால் அவர் 52 சதவீதம் முறை ஃபோல்டு செய்தால்தான் கட்டுப்படியாகும். 15 சீட்டு பின்னால் நிற்கும்போது அதில் பாதிகூடத் தேவைப்படாது. அவர் கால் செய்தாலும் நஷ்டமில்லை. பாட் 21.5, இருவரிடமும் மீதி 89.5. அதாவது பாட்டைப் போல நாலு மடங்கு. டர்னில் 14 பெட், அதற்கும் கால் வந்தால் ரிவரில் மீதியைத் தள்ளுவது இயல்பான ஆட்டம். செக்-கால் செய்திருந்தால் பாட் 9.5, மீதி பத்து மடங்கு. அந்த இடத்திலிருந்து முழுப் பணத்தையும் உள்ளே கொண்டுவருவது அபூர்வம். ரிவரில் எதுவும் அடிக்காவிட்டால் ஜாக்கி உயரத்தை (ஜோடிகூட இல்லாமல் ஜாக்கியே பெரிய சீட்டான கையை) வைத்து எதையும் ஜெயிக்க முடியாது. அதனால் இந்தக் கைக்கு அவர் ஃபோல்டு செய்வது உண்மையான லாபம்.

ஏஸ்-நாலுக்குக் கதை வேறு. ஒன்றும் அடிக்காவிட்டாலும் ஏஸ் உயரம் சில சமயம் ஜெயிக்கும். ராஜா உயர ஃபிளஷ் டிராவோடு இருப்பவரை நாம் ரெய்ஸ் செய்து துரத்தக் கூடாது; அவர்தான் நமக்குப் பெரிய தொகை தரப்போகிறவர். அப்புறம், நம் 8-க்கு மேல் அவர் 24 என்று திருப்பி அடித்தால்? கால் செய்ய 30 சதவீதம் தேவை, அடுத்த சீட்டில் ஃபிளஷ் அடிக்க இருப்பதோ 19. ஃபோல்டு செய்தால் அருமையான டிரா வீணாகிறது. அதனால் 100 பிளைண்ட் ஆழத்தில் இதைப் பெரும்பாலும் செக்-கால் பக்கமே வைக்கிறேன்.

போட்டிகளில் 40 பிளைண்டோடு உட்கார்ந்திருந்தால் ஜாக்கி-பத்துக்குக் கணக்கு இன்னும் சாதகம். உங்கள் 8-க்கு அவர் ஆல்-இன் போனால் (மீதிப் பணம் முழுவதையும் வைத்தால்), நீங்கள் 29.5 போட்டு 80.5-க்குப் போட்டியிடுகிறீர்கள்; 37 சதவீதம் போதும். அவரிடம் மூன்று ஒன்பது இருந்தாலும் உங்களுக்குச் சுமார் 40 இருக்கிறது. யோசிக்காமல் கால் செய்யலாம். ஏஸ்-நாலுக்கு அதே மூன்று ஒன்பதின் முன் கால்வாசி வாய்ப்புதான்.

செக்-கால் செய்த ஏஸ்-நாலுக்கு டர்னிலேயே ஆட்டின் விழுந்தால், எப்போதும் செக் செய்து காத்திருக்காதீர்கள். மூன்றாவது ஆட்டினைப் பார்த்ததும் பின்வாங்குகிற எதிராளி என்றால் பாட்டில் மூன்றில் ஒரு பங்கை நீங்களே பெட் வையுங்கள். கையில் ஒரே ஒரு ஆட்டின் வைத்திருப்பவரும், ஒன்பது ஜோடிக்காரரும் அந்த விலைக்குக் கால் செய்வார்கள். ரிவருக்குள் பாட்டும் கொஞ்சம் வளர்ந்திருக்கும்.