அம்மாவுக்கு முட்டி மாத்து ஆபரேஷன், அதுக்கப்புறம் பிசியோ: தஞ்சாவூர் போய்ட்டு வந்த அனுபவம்

இந்த தடவ ஜெர்மனியில இருந்து ஊருக்குப் போனதே அம்மாவோட முட்டி ஆபரேஷனுக்காகத்தான். ஆபரேஷன்ல ஒரு குறையும் இல்ல, மறுநாளே வாக்கர் புடிச்சு நிக்க வச்சுட்டாங்க. ஆனா டிஸ்சார்ஜ் பண்றப்ப குடுத்தது மாத்திரை சீட்டும் இங்கிலீஷ்ல படம் போட்ட ஒரு பேப்பரும்தான், "எக்சர்சைஸ் பண்ணச் சொல்லுங்க சார்", அவ்ளோதான். ஜெர்மனில முட்டி மாத்துனா ஆஸ்பத்திரி முடிஞ்சதும் ரீஹாங்கற பயிற்சி மையத்துக்கு அனுப்பி பொதுவா 3 வாரம் அதே வேலையா பயிற்சி குடுப்பாங்க, நம்ம ஊர்ல அந்த 3 வாரமும் கட்டில்லயே கழியுது.

பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லாம் "நல்லா ரெஸ்ட் எடுங்க, கால ஆட்டாதீங்க"ம்பாங்க, பாசத்துல முட்டிக்கு அடியில தலகாணி வேற வச்சு விடுவாங்க. அப்போதைக்கு வலி கொறையும், ஆனா கால் மடங்குன வாக்குலயே இறுகி அப்புறம் நேரா நீட்ட வராது.

தெரிஞ்சவங்க மூலமா வீட்டுக்கு வர்ற பிசியோ ஒருத்தர புடிச்சோம், சின்னப் பொண்ணுதான், ஒரு தடவைக்கு 500 ரூபா. வந்ததும் அந்தத் தலகாணிய உருவிட்டு டவல சுருட்டி குதிகாலுக்கு அடியில வச்சு, "முட்டிய கீழ அமுக்குங்கம்மா, அஞ்சு எண்ற வரைக்கும் விடாதீங்க"ன்னாங்க. தொடை சதை நடுங்குறது நின்னுட்டிருந்த எனக்கே தெரிஞ்சுது. பாதத்த மேலயும் கீழயும் ஆட்டச் சொன்னாங்க, கால்ல ரத்தம் கட்டிடக் கூடாதுன்னு. அப்புறம் கோணம் அளக்குற ஸ்கேல வச்சுப் பாத்தா 65 டிகிரிதான் மடங்குது, நாற்காலில உக்காந்து எந்திரிக்கவே 90க்கு மேல வேணுமாம். ஆரம்ப வாரங்கள்ல மடக்காம விட்டா உள்ள தழும்பு கட்டி முட்டி இறுகிடும், பிறகு மயக்க மருந்து குடுத்துதான் மடக்கி விடணும்னு பொறுமையா சொன்னாங்க. அதக் கேட்டப்புறம்தான் அம்மா பல்லக் கடிச்சுக்கிட்டு செய்ய ஆரம்பிச்சாங்க. டாக்டர் குடுத்த வலி மாத்திரைய பயிற்சிக்கு அரை மணி முன்னாடி போட்டுட்டு, முடிஞ்சதும் துணியில சுத்தி ஐஸ் வச்சா தாங்குது. நான் கெளம்புறதுக்குள்ள 100 தாண்டிருச்சு, அம்மா கொல்லைக்குப் போய் துணி காயப் போட்டுட்டு வர்றாங்க, பாக்க அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

காசு குடுத்து ஆள் வைக்க முடியாதவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபியும் வீடு தேடி வருது. இது நெறைய பேருக்குத் தெரியவே இல்லங்கறதுதான் எனக்கு ஆதங்கம்.

வெளிநாட்டுல இருந்து பெத்தவங்க ஆபரேஷனுக்குப் போறவங்க, ஆபரேஷன் அன்னைக்கு இருந்தா போதும்னு லீவு போடாதீங்க, அதுக்கடுத்த வாரங்கள்லதான் நீங்க கூட இருக்கணும், ஆபரேஷனுக்கு தேதி வாங்குறப்பவே பிசியோவயும் பேசி வச்சிருங்க. மாடி வீடுன்னா வீட்ல எல்லாருக்கும் இதையும் சொல்லி வைங்க: படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, எறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் முதல்ல, கைப்பிடிய விடவே கூடாது.