நேரலை வகுப்பு, பதிவுக் காணொளி, எழுத்துப் பாடம்: எந்த வழி யாரை விட்டுவிடுகிறது?

பல்கலைக்கழகப் பாடத்தை இணையவழியே மாணவரிடம் சேர்க்க ஆசிரியருக்கு இன்று மூன்று முதன்மையான வழிகள் உள்ளன: குறித்த நேரத்தில் நடக்கும் நேரலை வகுப்பு, முன்கூட்டியே பதிவுசெய்த காணொளி, ஒழுங்காகத் தொகுத்து எழுதிய பாடக்குறிப்பு. இவற்றுள் எதில் வசதிகள் மிகுதி என்பதே வழக்கமாக எழும் கேள்வி. எந்த வழி எந்த மாணவரை வெளியே நிறுத்துகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் ஒரு கருவியால் விடுபட்டவர்கள் பெரும்பாலும் முறையிடுவதில்லை, வருகைப் பதிவேட்டிலிருந்து சத்தமின்றிக் குறைந்துபோகிறார்கள்.

நேரலை வகுப்பின் பெருமை, ஐயம் எழுந்த கணத்திலேயே விடை கிடைப்பதாகும். ஆனால் அது தடையற்ற இணைப்பையும், அமைதியான அறையையும், அந்த ஒரு மணி நேரம் வேறு கடமை இல்லாத வாழ்க்கையையும் மாணவரிடம் எதிர்பார்க்கிறது. வேலை பார்த்துக்கொண்டு படிப்பவருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கும் இம்மூன்றும் ஒருசேர அமைவது அரிது. திரை வாசிப்பு மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்ற மாணவருக்கோ, உரையாடல் பெட்டியில் வந்து விழும் ஒவ்வொரு செய்தியையும் அம்மென்பொருள் ஆசிரியரின் குரலுக்கு மேலாகவே படித்துக்காட்டக்கூடும். இணைய உள்ளடக்க அணுகல்தன்மைக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள், பதிவுக் காணொளிக்கான சப்டைட்டிலை அடிப்படையான ‘ஏ’ நிலையிலும், நேரலைக்கான சப்டைட்டிலை அதற்கு அடுத்த ‘ஏஏ’ நிலையிலும் வைத்திருக்கின்றன. செவித்திறன் குறைந்த மாணவருக்கு நேரலையைத் திறந்துவிடக் கூடுதல் உழைப்பு வேண்டும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

பதிவுக் காணொளி நேரத்தின் கட்டிலிருந்து மாணவரை விடுவிக்கிறது. நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், வேகத்தைக் குறைக்கலாம். பயிற்றுமொழி தாய்மொழியாக இல்லாதவருக்கு இது பெரிய உதவி. ஆயினும் ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிவேற்றிவிடுவது போதாது. இணையவழிப் பாடங்களை வழங்கும் எட்எக்ஸ் தளத்தில் காணொளிகள் பார்க்கப்பட்ட ஏறத்தாழ 69 லட்சம் அமர்வுகளை அலசி 2014இல் வெளியான ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் ஈடுபட்டிருக்கும் இடைநிலை நேரம் (பாதி அமர்வுகள் இதற்குக் குறைவாகவும் பாதி கூடுதலாகவும் அமையும் அளவு) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்று காட்டியது. ‘இங்கே பாருங்கள், இந்தக் கோடு இப்படி வளைகிறது’ என்ற விளக்கம் பார்வையற்றவருக்கு எதையும் சொல்வதில்லை. தானியங்கிச் சப்டைட்டில் கலைச்சொற்களில் தடுமாறும். ஒரு ‘இல்லை’ விடுபட்டாலே கோட்பாடு தலைகீழாகிவிடும் என்பதால், அதை யாரேனும் வரிவரியாகத் திருத்தியாக வேண்டும்.

எழுத்துப் பாடத்தைப் பழையதென்று ஒதுக்குவோர் உண்டு. நான் அதை முதலிடத்தில் வைக்கிறேன். நொடிக்கு 1 மெகாபிட் வீதத்தில் ஒரு மணி நேரக் காணொளி ஏறத்தாழ 450 மெகாபைட் ஆகும். 64 கிலோபிட் வீதத்தில் அதன் ஒலி மட்டும் ஏறத்தாழ 29 மெகாபைட். அதே பாடத்தின் எழுத்து வடிவமோ, படங்கள் இல்லையெனில், ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். எழுத்தைப் பெரிதாக்கலாம், தேடலாம், அச்சிடலாம், பிரெய்லாகவோ ஒலியாகவோ மாற்றலாம். ஆனால் இவை அனைத்தும் கோப்பு எப்படி உருவானது என்பதைப் பொறுத்தவை. புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் திரை வாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் படம்; யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டால் பொருளற்ற குறிகளின் வரிசை. தலைப்புகளை எழுத்தின் தடிப்பால் மட்டும் காட்டாமல் மென்பொருளின் தலைப்புப் பாணியைக் கொண்டே அமைப்பது, படத்துக்கு மாற்று விளக்கம் எழுதுவது, சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல் கணிதக் குறிமொழியில் எழுதுவது ஆகிய மூன்று பழக்கங்கள் பெரும்பகுதித் தடைகளை நீக்கிவிடும். எழுத்துக்கும் குறை உண்டு: குரலின் அழுத்தம் அதில் இல்லை, தனியே நெடுநேரம் வாசித்துப் பழகாத மாணவர் பாதியில் கைவிடுவார்.

இந்த மாற்றங்களை ஒருவர் கேட்டபின் செய்வதா, தொடக்கத்திலேயே செய்வதா என்பது அடுத்த போட்டி. கேட்டபின் செய்வதில், சான்றிதழ் காட்டித் தன் குறையை மெய்ப்பிக்கும் சுமை மாணவர் மேல் விழுகிறது. வெளியே சொல்லத் தயங்குபவர் உதவியின்றியே பருவத்தை முடிக்கிறார். அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய காஸ்ட் (CAST) என்ற கல்வி ஆய்வு அமைப்பு வளர்த்தெடுத்த ‘அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு’ இரண்டாவது வழியைச் சார்ந்தது. அதையே நானும் ஏற்கிறேன். எனினும் சைகைமொழிபெயர்ப்பாளர் போன்ற தனித் தேவைகளை எந்தப் பொது வடிவமைப்பும் நிறைவுசெய்யாது என்பதால், அதைக் காரணம் காட்டித் தனி உதவிக்கான நிதியைக் குறைப்பது அநீதியாகும்.

எழுத்து அடித்தளமாகவும், குறுங்காணொளிகள் கடினமான பகுதிகளுக்குத் துணையாகவும் அமைந்துவிட்டால், நேரலை மணி நேரம் விரிவுரைச் சுமையிலிருந்து விடுபடுகிறது. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் வகுத்த முறையில், மாணவர் ஒரு கேள்விக்குத் தனியாக விடை தேர்ந்து, அருகிலிருப்பவருடன் வாதிட்டு, மீண்டும் விடை தருவர். இதற்கு வாக்களிப்புச் செயலி வசதியானதே, ஆயினும் தேர்ந்த விடையை உயர்த்திக் காட்டக் கையில் ஓர் அட்டை இருந்தாலும் போதும். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான அலசலில், மரபான விரிவுரையில் 33.8 சதவீதமாக இருந்த தோல்வி விகிதம், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8 சதவீதமாக இருந்தது. மூன்று கருவிகளையும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதைவிட இவ்வாறு வேலையைப் பிரித்துக்கொடுப்பதே மேல்.

தேர்வில் இந்த அக்கறை பெரும்பாலும் கைவிடப்படுகிறது. நேரம் முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும் இணையத் தேர்வு, திரை வாசிப்பு மென்பொருளின் துணையோடு வினாவைக் கேட்டு விடையளிப்பவரையும் இடையில் இணைப்பு அறுந்தவரையும் தயாராகாதவரைப் போலவே மதிப்பிடுகிறது. மூடில் போன்ற இணையவழிக் கற்றல் தளங்களில் தனி மாணவருக்கோ குழுவுக்கோ தேர்வு நேரத்தை மாற்றியமைக்கும் வசதி ஏற்கெனவே உள்ளது. வேகம் அந்தப் பாடத்தின் கற்றல் நோக்கமாக இல்லாத இடங்களில், அந்த நீட்டிப்பை எல்லா மாணவருக்குமே வழங்கிவிடலாம்.